சுவருக்குள்ளிருந்து பேசும் மகனுக்கு

செந்தில்,

"அம்மாவுக்கு நான் யாருன்னே தெரியலப்பா. நான் வந்து மட்டும் என்ன ஆகப் போகுது?" என்று போன வாரம் நீ கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. டொரண்டோவில் உன் சமையலறையில் மிக்ஸி ஓடுவதுகூட எனக்குக் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மாட்டுங்காவிலிருந்து வரும் இந்தச் சிறு பத்திரிகையில் எனக்கென்று ஒரு பக்கம் இருப்பது உனக்குத் தெரியும். எந்தப் போனை வாங்கலாம், எந்த டிவிக்குக் காசைக் கொட்ட வேண்டாம், பிள்ளைகளுக்கு எந்த வீடியோ கேமை வாங்கிக் கொடுக்கலாம் என்று என் புத்திக்கு எட்டியதை அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன். ஆசை மட்டும் உண்டு. இந்த மாதம் அந்தப் பக்கத்தை மகனுக்குக் கடிதம் எழுத எடுத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "அதுல போன், கீன் பத்தியெல்லாம் வருமோ?" என்றார். "வரும் சார், அதைப் பத்தி மட்டுந்தான் வரும்" என்றேன். "அப்ப எழுதுங்கோ" என்றார். உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதுவும் நல்லதுதான். மெதுவாக வாசிப்பாய். போனில் நான் எழுதும் எதையும் நீ மெதுவாக வாசிப்பதில்லை. கட்டைவிரல் ஒன்றைத் தூக்கி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாய்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது லாமிங்டன் ரோட்டிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தேன், நினைவிருக்கிறதா? கேசட் சொருகி விளையாடுவது. அப்போது நாம் தாராவியை விட்டு செம்பூருக்கு வந்த புதிது. உன் அம்மா திட்டுவாள் என்று பையில் துணிக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். அவள் எடுத்துப் பார்த்தாள், "இதுல என்ன செய்யணும்?" என்று கேட்டாள், உட்கார்ந்தாள். மேலேயிருந்து கட்டை விழும், அடுக்க வேண்டும், அவ்வளவுதான். குக்கர் விசில் அடிக்க அடிக்க அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நீயும் நானும் அவளை ஒருநாளும் ஜெயித்ததில்லை. அந்த ரிமோட்டில் நான்கு திசைக்கு ஒரு பட்டன், பக்கத்தில் இரண்டு பட்டன். இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்றும் அதே எண்ணந்தான்: விளையாட்டுச் சாமானில் அதைவிட நல்ல சாமான் பிறகு வரவில்லை. யார் கையில் கொடுத்தாலும் அடுத்த நிமிஷம் விளையாடலாம். இப்போது வருவதில் விரல் போகும் இடமெல்லாம் பட்டன். முதுகிலும் பட்டன். நீ அங்கே போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு விளையாட வேண்டும் என்பதற்காகவே எனக்கு ஒரு புது கன்சோல் அனுப்பினாய். உனக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். என் வயதில் நண்பர்கள் பஜனைக்கும் பார்க்குக்கும் போனார்கள். நான் உன்னோடு சேர்ந்து இடிந்த ஊர்களில் துப்பாக்கியோடு ஓடினேன். அந்த இரண்டு மணி நேரம் உன் சிரிப்புச் சத்தம் வீட்டில் கேட்கும். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் கற்றுக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு மறதி வந்தது முதலில் எனக்குத் தெரிந்ததே ஒரு விளையாட்டில்தான். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. போனில் பழங்களைச் சேர்த்து உடைக்கும் ஒரு கேமை அவள் வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தாள். விளம்பரம் வந்தால் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேடித் தொட்டு அதை விரட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒருநாள் மத்தியானம் போனை என் மடியில் வைத்து, "ஏங்க, இதுல எதைத் தொடணும்?" என்றாள். நான் பார்த்தேன். விளம்பரம் ஒன்றும் இல்லை, கேம்தான் இருந்தது. கம்பெனிக்காரன் அப்டேட் என்ற பேரில் எல்லாவற்றையும் மாற்றித் தொலைத்திருப்பான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயதானவர்கள் பழகிய பட்டனை இடம் மாற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அந்த மாதம் இந்தப் பக்கத்தில் காரசாரமாக எழுதினேன். படித்துவிட்டு நிறையப் பேர் பாராட்டினார்கள். பிறகுதான் போனை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். அந்த கேமில் ஒரு மாற்றமும் வரவில்லை. பழங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. அடுத்த வாரம் அவளை சயான் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அதன் பிறகு நீ பார்சல் பார்சலாக அனுப்ப ஆரம்பித்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் நான் ஆசையாகத்தான் பிரித்தேன். பெட்டியைத் திறக்கும்போது வரும் புது வாசனை எனக்கு இன்னும் பிடிக்கும். முதலில் அவள் எங்கே போனாலும் காட்டிக்கொடுக்கும் வாட்ச் வந்தது. நல்ல சாமான், ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும். மறதிக்காரர்களுக்கென்று செய்த சாமானை ஒருவர் தினமும் மறக்காமல் சார்ஜ் போட வேண்டும் என்றால், அந்த ஒருவர் யார் என்று செய்தவன் யோசித்திருக்க வேண்டாமா? பிறகு, கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் வந்தது. நம் வீட்டுத் தமிழ் அதற்கு எட்டவில்லை. அம்மா அதைப் பார்த்து, "ஏல, காப்பி குடிச்சியா?" என்று கேட்டாள். மன்னிக்கவும், புரியவில்லை என்றது. "வீட்டுக்கு வந்த ஆளுகிட்ட கேட்டா ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கானே" என்று அவளுக்குக் கோபம். துணி போட்டு மூடிவிட்டாள். மூன்றாவதாக ஹாலில் மாட்டச் சொல்லி ஒரு கேமரா அனுப்பினாய். நீ அங்கேயிருந்து பார்க்கலாம், பேசவும் செய்யலாம். நானே ஸ்டூல் போட்டு ஏறி, துளை போட்டு, டிவிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். படம் அவ்வளவு தெளிவு. தரையில் கிடக்கும் கடுகுகூடத் தெரிகிறது என்றாய். இரண்டு பேருக்கும் பெருமை.

மறுநாள் காலையில் நீ அந்தக் கேமரா வழியாகப் பேசினாய். "அம்மா, உக்காருங்க, ஏன் நடந்துக்கிட்டே இருக்கீங்க?" என்றாய். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கதவுக்குப் பின்னால் பார்த்தாள், பாத்ரூமில் பார்த்தாள், பீரோவைத் திறந்து பார்த்தாள். கடைசியில் சுவரருகே போய் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். "எய்யா, உள்ள என்னய்யா செய்யுத? மூச்சு முட்டலியா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று முதல் அவள் அந்தச் சுவருக்குக் கீழே தினமும் ஒரு டம்ளர் காப்பி வைக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டும் வைத்தாள். நீ அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டாய். உன் நண்பர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். அந்தக் காப்பியை எடுத்துக் கொட்டும் வேலை என்னுடையது. அவள் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கொட்ட வேண்டும். பார்த்துவிட்டால், "அவன் குடிக்கவே இல்லியே, ஏன் எடுக்கிய?" என்பாள். கேமராவைக் கழற்றிவிடலாமா என்று உன்னிடம் கேட்டேன். "அப்பா, அது இருந்தாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாய். உன் நிம்மதியும் வேண்டும்தானே. விட்டுவிட்டேன். இதற்கிடையில்தான் வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்தப் பையன், தாடி வச்சிக்கிட்டு?" என்று கேட்டாள். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ வீடியோ கால் போடுவதைக் குறைத்துக்கொண்டாய்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா கொத்தமல்லி வாங்குகிற நினைப்பில் கதவைத் திறந்து போய் வழி தவறிவிட்டாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

மழைக்காலம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தலை சீவி, பூ வைத்து, சோபாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் கன்சோலைப் போட்டேன். வாட்ச் சார்ஜில் இருந்தது. ஹெட்போன் போட்டால் எனக்குக் காது வலிக்கும், அதனால் டிவி சத்தத்திலேயே விளையாடுவேன் என்பது உனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆடும் அந்த கேமில் ஒருவனுக்கு அடிபட்டு விழுந்தால், மற்றவன் ஓடிப்போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுப்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ஆள் காலி. அந்த கேமைப் பற்றி நான் இங்கே எழுதியிருக்கிறேன். அப்பனும் பிள்ளையும் ஆட ஏற்றது, ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும் என்று புகழ்ந்திருக்கிறேன். அன்று கடைசிக் கட்டத்தில் நீ ஒரு கட்டடத்துக்குள் விழுந்துவிட்டாய். கத்தினாய். "அப்பா, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்! ஜல்தி வாங்க! அப்பா, எழுப்புங்க, செத்துருவேன்!" என்றாய். நான் ஓடினேன். சோபாவில் உட்கார்ந்தபடிதான். வழியில் வந்தவர்களைச் சுட்டேன், உன்னிடம் வந்து சேர்ந்தேன், பட்டனை அழுத்தி உன்னை எழுப்பினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஜெயித்தோம். "சூப்பர்ப்பா, செம்மப்பா!" என்று நீ கத்தினாய். அவளிடம் சொல்லலாமென்று திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். நீயும் லைனில் இருந்தாய். "லொக்கேஷன் பாருங்கப்பா, லொக்கேஷன் பாருங்க" என்றாய். "வாட்ச் இங்கதான்டா இருக்கு" என்றேன். படிக்கட்டு, கீழே வாட்ச்மேன் நாற்காலி, மார்க்கெட், கோயில், ஸ்டேஷன் என்று ஓடினேன். என் முட்டி உனக்குத் தெரியும், அன்று அது வலித்ததே நினைவில்லை. ஸ்டேஷன் பிரிட்ஜில் நின்று வரும் போகும் வண்டிகளைப் பார்த்தேன். எந்த வண்டியில் ஏறியிருப்பாள்? ஏறும்போது கால் தவறியிருந்தால்? போலீஸ் ஸ்டேஷனில் அவள் படம் கேட்டார்கள். என் போனில் ஆயிரக்கணக்கில் படம். போன் கேமராக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். தேடினால் எல்லாம் சூரிய அஸ்தமனம், தோசை, தெருவிளக்கு. இரவில் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று சோதித்துப் பார்த்த படங்கள். அவள் முகம் தெரியும்படி ஒரு படமாவது கிடைக்குமா என்று என் விரல் தள்ளிக்கொண்டே இருந்தது. ஹவல்தார், "ஆராம் சே, காகா, ஆராம் சே" என்று நிதானமாகத் தேடச் சொன்னார். அப்போதுதான் அம்பர்நாத்திலிருந்து உன் முருகேசன் மாமா போன் செய்தான். "அத்தான், பதறாதிய. அக்கா தாராவில இருக்கா. நாங்க முன்னால இருந்த வீட்டுக்குப் போயிருக்கா. எதிர்வீட்டு சுடலைமுத்து இப்பத்தான் எனக்குப் போன் போட்டான்" என்றான்.

மாமா அந்த வீட்டை விற்று அம்பர்நாத்துக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் எப்படிப் போனாள், பஸ்ஸிலா, யார் சாலையைக் கடத்திவிட்டார்கள், இன்றுவரை தெரியாது. காலில் செருப்பில்லை. அந்த வீட்டில் இப்போது பீஹார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தையல் மெஷின் போட்டிருக்கிறது. நான் போனபோது அந்த வீட்டுப் பெண் அம்மாவின் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் மடியில் ஒரு சுத்தியல். வாசலில் மெஷினைப் பழுது பார்க்க வைத்திருந்ததை எடுத்துக்கொண்டாளாம். எவ்வளவு கேட்டும் தரவில்லையாம். "வந்ததுலேர்ந்து முருகேசா, கடப்பாரைய எடுன்னு ஒரே சத்தம் அண்ணாச்சி. புள்ள சொவத்துக்குள்ள மாட்டிக்கிட்டான், சாவப் போறான்னு சொல்லுதாவ. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார் சுடலைமுத்து. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஆனாலும் விளங்காதவன்போல நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அன்று என்னை அடையாளம் தெரிந்தது. முகம் வெளிறிப்போய் எழுந்து, "ஏங்க, நீங்களும் இங்க வந்துட்டியளா? அப்ப அவன்கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

செந்தில், அந்தக் கேள்வியை நீ இன்னொரு முறை எழுத்துக்கூட்டி வாசி.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்து, கிடைத்துவிட்டாள் என்று சொன்னேன். நீ அழுதாய். பிறகு கோபப்பட்டாய். "கேமராவுல நான் பாத்தேன்பா. அம்மா உங்க பின்னாலதான் போறாங்க. நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்றாய். "உன்னோட விளையாடிட்டிருந்தேன்" என்றேன். உனக்குக் கேமரா அனுப்புவது ஒரு சின்னத் துண்டு மட்டும், கதவு அசைந்ததிலிருந்து சில நொடிகள். முழுசும் வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்டச் சொல்வான். அது கொள்ளை, கட்டாதே என்று உன்னிடம் சொன்னவனே நான்தான். ஆனால் கேமராவுக்குள் ஒரு கார்டு இருக்கிறது. அதில் எல்லாம் பதிவாகும். இரண்டு நாள் கழித்து, அவள் மத்தியானம் தூங்கும்போது அதைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். படத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தமும் அப்படியே.

நீ கத்துகிறாய். அவள் நாற்காலியிலிருந்து எழுகிறாள். என் தோளைத் தொடுகிறாள். "ஏங்க, பையன் கத்துதான்" என்கிறாள். நான் திரும்பவில்லை. "ஏங்க, சாவப் போறேன்னு சொல்லுதான், கேக்கலியா உங்களுக்கு?" என்று உலுக்குகிறாள். "ச்சூ, இரு" என்கிறேன். அது என் குரல்தான். ஈயை விரட்டுவதுபோல் இடது கையை ஒரு தரம் அசைக்கிறேன். மூன்றாவது முறை அவள் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இந்த ஆளால் ஆகாது என்று முடிவு கட்டியது முகத்தில் தெரிகிறது. பிறகு சுவரருகே வந்து அண்ணாந்து பார்க்கிறாள். அதாவது கேமராவை, அதாவது உன்னை. முகம் முழுசாகத் தெரிகிறது. போலீஸ் ஸ்டேஷனில் தேடிக் கிடைக்காத முகம். "பொறு எய்யா. பயப்படாத. மாமாவக் கூட்டிட்டு வாரேன். சொவர இடிச்சிருவோம்" என்கிறாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கதவைத் திறந்து போகிறாள். என் முதுகும் தலையும் மட்டும் படத்தில் இருக்கின்றன. டிவியில் நான் உன்னை எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்று என்ன கிழமை என்று தெரியாதவள், செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவள், என்னையே பாதி நாள் வீட்டுக்கு வந்த ஆள் என்று நினைப்பவள், செம்பூரிலிருந்து தாராவிக்கு மழையில் போனாள். நீ சாகப் போகிறாய் என்று கேட்டதால் போனாள். உன் தாடி வைத்த முகம் அவளுக்குத் தெரியவில்லை, உண்மைதான். போனில் தெரியும் உள்ளங்கை அகல முகத்தில் அவளுடைய மகன் இல்லை. ஆனால் உன் குரல் கேட்டால் அவளுக்கு இன்னும் கால் வருகிறது. அவளுக்கு நீ யாரென்று தெரியவில்லை என்று இனி சொல்லாதே.

இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். அதைவிட, சொன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை என்னோடு விளையாட வரமாட்டாய் என்று பயந்தேன். அப்படித்தான், இந்த வயதில். கேமராவைக் கழற்றி ஸ்டூலோடு உள்ளே வைத்துவிட்டேன், பழுதாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். உடனே நீ வேறொன்று அனுப்பினாய். இந்த முறை பூட்டு. உள்ளேயிருந்தாலும் வெளியேயிருந்தாலும் விரலை வைத்தால்தான் திறப்பது, என் விரலுக்கு மட்டும். ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். வேண்டாமென்று சொல்ல என்னிடம் தெம்பில்லை. பால் வாங்கப் போனால்கூட உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டியிருந்தது. குளிக்கும்போது அவளையும் உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக் குளித்தேன். என் கட்டுரைப் பாணியில் சொல்வதென்றால், நல்ல பூட்டு. பேட்டரி மாதக்கணக்கில் வருகிறது, ஈர விரலுக்கும் திறக்கிறது.

நான் விரல் வைத்துத் திறப்பதை அவள் பார்த்துவிட்டாள். இப்போது தினமும் சாயங்காலம் கதவு முன்னால் போய் நிற்கிறாள். கட்டைவிரலை வைக்கிறாள், பூட்டு கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்த விரலை வைக்கிறாள். ஒவ்வொன்றாக எல்லா விரலையும் வைத்துப் பார்க்கிறாள். முடிந்ததும் முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்தால் அடிக்கிறாள். நேற்று என் கன்னத்தில் நகம் பட்டுக் கீறிவிட்டது. வலிக்கவில்லை. அவள் அடிப்பது நியாயம் என்றுதான் தோன்றியது. ஒரு தாயைக் கதவுக்குப் பின்னால் பூட்டிவைக்க மகன் பூட்டு வாங்கி அனுப்புகிறான், தகப்பன் அதை மாட்டுகிறான். நாம் கெட்டவர்கள் இல்லை, செந்தில். வேறு வழி தெரியாதவர்கள். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே தங்குவதற்கான உன் பேப்பர் வேலை முடியவில்லை, இப்போது கிளம்பினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறாய். லீவு இல்லை என்கிறாய். அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றைப் புனேயில் பார்த்து லிங்க் அனுப்பியிருக்கிறாய். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் கேமரா இருக்கிறதாம், நீ பேசினால் அவர்களுக்குக் கேட்குமாம். மூடிவிட்டேன். நான் எதையும் தடுக்கவில்லை. என்னால் இனி எவ்வளவு நாள் முடியும் என்று எனக்கே தெரியாது. போன மாதம் மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். நான் விழுந்தால், உள்ளே அவள், கதவைத் திறக்கிற விரல் என்னுடையது ஒன்றுதான். இதை யோசித்துக்கொண்டுதான் தினமும் படியிறங்குகிறேன். புனேக்குத்தான் போக வேண்டுமென்றால் போவோம். அதற்கு முன்னால் ஒருமுறை வா. பத்து நாள், ஒரு வாரம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஒரு பார்சலும் கொண்டு வராதே. தாடியை எடுத்துவிட்டு வந்தால் நல்லது, எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே வந்ததும் போனைக் காட்டிப் பேசாதே, படம் எடுக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து பேசு. அவள் கூப்பிட்டால் உடனே திரும்பு. நான் உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி இந்த ஒன்றுதான். யார் கூப்பிட்டாலும், கையில் என்ன இருந்தாலும், முதல் தடவையிலேயே திரும்பிவிடு. நான் கற்றுக்கொண்டபோது நேரம் கடந்திருந்தது.

நேற்று கதவு முன்னால் நின்று களைத்துப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "அவன வெளிய எடுத்தாச்சா?" என்றாள். எடுத்தாச்சு என்றேன். "நல்லாருக்கானா?" நல்லா இருக்கான், சாப்பிட்டான் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்லாதிய. வெளிய வந்திருந்தா எங்கிட்ட வராம இருப்பானா?"

நான் என்ன சொல்ல, செந்தில்? நீ வந்து சொல்.

அப்பா